மாப்பிள்ளை பேரில் ஒரு பக்கம்

பெண் பார்க்கப் போன இடத்தில் என் கண் முதலில் தேடியது மிலிட்டரி கேன்டீன் கார்டை. வேலூர்ப் பக்கம் எக்ஸ் சர்வீஸ்மேன் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனால் மாதக் கோட்டா ரம் தானாக வீடு தேடி வரும் என்று நண்பர்கள் ஏற்றிவிட்டிருந்தார்கள். மாமா டீடோட்டலர். கல்யாணமான முதல் மாதம் கேன்டீனிலிருந்து எனக்கு வந்தது ஒரு டஜன் குளியல் சோப்பு.

மாமாவுக்கு வெலிங்டனில் டிரெயினிங், மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 15 வருஷ சர்வீஸ். அப்புறம் பேங்க். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலையில் முன்னாள் ராணுவத்தினருக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் வந்து கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தவர். அவர் படத்திறப்பன்று இதையெல்லாம் கணீரென்று பேசியவன் நான்தான். துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தது மச்சினன்.

அவர் இருந்த காலத்தில் துண்டுச்சீட்டு இல்லாமலே பேசியிருக்கிறேன். ஆபீஸில் 1971 யுத்தம் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "டாக்காவுல 93,000 பேர் சரண்டர் ஆனாங்களே, எங்க மாமா அங்கதான் நின்னுட்டிருந்தார்" என்பேன். வீட்டுக்கு வந்த நண்பன் ஒருவன் அதை அவரிடமே பெருமையாகச் சொல்லிவிட்டான். "நான் அந்தப் பக்கமே போகலையே மாப்பிள்ளை. மேற்குல இருந்தேன், ஷகர்கர் செக்டார்" என்றார். கிழக்கே போரிட்டவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே போரிட்டவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். ஹால் அலமாரியில் பஷ்சிமி ஸ்டார்தான் இருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி அதைத் துடைத்து வைத்தது நான்.

கேஷ் குறைந்தால் கேஷியர்தான் சொந்தக் காசைப் போட வேண்டும். அந்தப் பயம் ரிட்டயரான பிறகும் அவரை விடவில்லை. வீட்டுக் கணக்கையும் டேலி பண்ணிவிட்டுத்தான் படுப்பார். அவர் ராத்திரி லேட்டாகப் படுத்தால், அன்றைக்குக் காய்கறி வாங்கப் போனவன் நான் என்று அர்த்தம்.

நவம்பர் வந்தால் ஆயுள் சான்று. ராணுவப் பென்ஷனுக்கு ஒன்று, பேங்க் பென்ஷனுக்கு ஒன்று. "க்யூ எதுக்கு மாமா? 2014-லேயே ஜீவன் பிரமாண் வந்தாச்சு" என்று டிஜிட்டல் மாப்பிள்ளையாக விரல்ரேகை மெஷினோடு போய் இறங்கினேன். நோட்டு எண்ணி எண்ணித் தேய்ந்த விரல். ரேகை பதியவே இல்லை. "நான் உயிரோட இல்லைங்குதா?" என்றார். பேங்குக்கே போனோம். அவர் க்யூவில் விறைப்பாக நின்றார். எனக்குத்தான் கால் வலித்து, சீனியர் சிட்டிசன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அவர் போன பிறகு, அத்தையின் குடும்பப் பென்ஷனுக்கு அலைந்தாவது நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன். நீங்களும் ஒரு வீட்டு மாப்பிள்ளை என்றால் இந்த ஆசை புரியும். மனுஷன் அதற்கும் வழி வைக்கவில்லை. பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக், ஜாயின்ட் போட்டோ எல்லாம் ஒரே ஃபைலில், ஜெராக்ஸோடு.

அடியில் கணக்கு நோட்டு. அதில் என் பேரில் தனியாக ஒரு பக்கம்: வண்டி ரிப்பேர் என்று சொல்லி நான் வாங்கிய கைமாற்று, ரூ. 2,000. தவணை தவறி 90 நாள் தாண்டினால் வராக்கடன் என்பது பேங்க் விதி. எனக்கு ஏழெட்டு வருஷம் டைம் கொடுத்திருக்கிறார். அப்புறம் சிவப்பு மையில் 'தள்ளுபடி' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அத்தையிடம் அந்தப் பக்கத்தை இன்னும் காட்டவில்லை. அவர்கள் தள்ளுபடி செய்கிற ரகம் இல்லை.