வாய்தாவில் விளைந்தவை

நீதிமன்றத் தமிழில் வாய்தா என்ற சொல்லுக்கு உள்ள செல்வாக்கு, நீதி என்ற சொல்லுக்குக்கூட இல்லை. அரபியில் வாக்குறுதி என்று பொருள்பட்டு உருதுவின் வழியே தமிழுக்கு வந்த அச்சொல், வரி கட்டும் தவணையைக் குறிக்கவும் பயன்பட்டது; நீதிமன்றத்தில் அது விசாரணையை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதைக் குறிக்கிறது. கொடுத்த வாக்கு எவ்வாறு தள்ளிப்போட்ட தேதியாக மாறியது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் வியக்கக்கூடும். கடன் கொடுத்துப் பழகியவர்கள் வியக்க மாட்டார்கள்.

வழக்கறிஞர்களைப் பற்றிய கேலிகளில் எல்லாம் வாய்தா ஒரு தீராத நோயாகவே வந்துபோகிறது. ஆயினும் தமிழ் உரைநடையிலும் நாடகத்திலும் கர்நாடக இசையிலும் கறுப்பு அங்கிக்காரர்களின் கை இவ்வளவு தூரம் நீண்டிருப்பதைப் பார்க்கும்போது, கட்சிக்காரர் இழந்த நாட்களில் ஒரு பகுதியைக் கலைகள் சம்பாதித்துக்கொண்டன என்று வாதிட இடமிருக்கிறது. இவ்வாதத்தைக் கட்சிக்காரரின் எதிரில் சொல்லாமலிருப்பது நல்லது.

வாய்தாவுக்கு வரம்பு கட்டும் முயற்சி நடக்காமல் இல்லை. உரிமையியல் வழக்குகள் நடக்க வேண்டிய முறையை வகுக்கும் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் கட்டளையில், விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்று 1999ஆம் ஆண்டின் திருத்தம் எழுதிச் சேர்த்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2002 ஜூலையில். அதாவது வாய்தாவைக் கட்டுப்படுத்தும் விதியே ஏறத்தாழ இரண்டரை ஆண்டு வாய்தாவில் இருந்தது. திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் முதலிடம் சேலம் வழக்கறிஞர் சங்கத்தாருடையது. கட்சிக்காரரின் கைமீறிய நெருக்கடிகளில் நான்காவது வாய்தாவும் தரலாம், மூன்று என்பது நீதிமன்றத்தின் கையைக் கட்டிவிடாது என்று 2005இல் தீர்ப்பு வந்தது. மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற ஊர், இந்திய வாய்தாவின் வரலாற்றிலும் இவ்வாறு இடம்பெற்றுவிட்டது.

அதே சட்டத்தின் 8ஆம் கட்டளை இல்லறத்துக்கு இன்னும் நெருக்கமானது. வாதி தன் பிராதில் சொல்லும் ஒவ்வொரு செய்தியையும் எதிர்வாதி தன் பதிலுரையில் தனித்தனியே மறுக்க வேண்டும். குறிப்பாக மறுக்காதது ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்கிறது அதன் 5ஆம் விதி. பகல் முழுவதும் இவ்விதியில் ஊறிய ஒருவர், மாலையில் வீடு திரும்பியதும் மனைவி "ரேஷன் கடைக்குப் போகலை, கரண்ட் பில் கட்டலை, அம்மாவுக்கு போன் பண்ணலை" என்று மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கும்போது, மூன்றையும் தனித்தனியே மறுக்கத் தொடங்குவது இயல்பே. வீட்டில் மட்டும் அவ்விதி தலைகீழாக இயங்குகிறது: மறுப்பவர் அனைத்தையும் ஒப்புக்கொண்டவராகிறார், வாய்மூடி இருப்பவருக்குக் காப்பி கிடைக்கிறது. பல ஆண்டு அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞர்கள் வீட்டில் பேசாதிருப்பதைத் தத்துவ நாட்டம் என்று இளையவர்கள் தவறாக எண்ணுவதுண்டு.

எழுத்துத் துறைக்கு வந்தால், தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரமே நீதிமன்ற வாசலிலிருந்து வந்ததுதான். 1879இல் அது வெளிவந்தபோது அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் வேலையை, அதாவது உரிமையியல் வழக்குகளைக் கேட்கும் கீழ்நிலை நீதிபதிப் பணியை, நெடுங்காலம் பார்த்து முடித்திருந்தார். அவ்வேலையில் இருப்பவர் தினந்தோறும் இரண்டு கதைகளைக் கேட்டு ஒன்றை நம்பியாக வேண்டும். மூன்றாவதாக ஒரு கதையைத் தாமே எழுதிவிடலாமே, அதற்கு மேல்முறையீடும் கிடையாதே என்று அவருக்குத் தோன்றியிருக்குமானால் அதில் வியப்பில்லை. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் பத்தாண்டுகள் உழைத்த வையாபுரிப் பிள்ளையும் வழக்கறிஞராக இருந்தவரே; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, எந்த நூலில், எந்தப் பொருளில் வந்தாய் என்று கேட்டுப் பதிவு செய்த அப்பணியைவிட நீண்ட குறுக்கு விசாரணை தமிழில் நடந்ததில்லை.

நகைச்சுவையில் முதன்மையாக நிற்பவர் எஸ்.வி.வி. திருவண்ணாமலையில் வழக்கறிஞராக இருந்த அவர், முதலில் இந்து நாளிதழில் ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்று, பின்னர் ஆனந்த விகடனில் தமிழுக்கு வந்தவர். பெருநகரப் பாரிஸ்டர்களின் ஆர்ப்பாட்டம் அவர் எழுத்தில் இல்லை. நடுத்தரக் குடும்பத்தின் கூடமும் அடுக்களையும் புடவைக் கடையும் ரயில் பயணமுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. குறுக்கு விசாரணையில் தேர்ந்தவர்கள் சாட்சியை மிரட்டுவதில்லை. தலையாட்டிக்கொண்டே அவரை மேலும் மேலும் பேசவிட்டு, அவர் சொல்லாலேயே அவர் மாட்டிக்கொள்ளும் நேரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எஸ்.வி.வி. தம் பாத்திரங்களை நடத்துவது ஏறத்தாழ இந்த முறையில்தான். சிரிக்கவைக்க வேண்டும் என்ற அவசரம் அவரிடம் இல்லாததே அவர் எழுத்து இன்னும் வாடாமலிருப்பதற்குக் காரணம். அந்த அமைதி, கூப்பிடாத வழக்குக்காகப் பகல் முழுவதும் காத்திருந்து பழகிய ஒருவருக்கே கைவரும் என்று தோன்றுகிறது.

இந்த எழுத்து வன்மையை மனுக்களில் தேடுவது வீண். "இம்மனுதாரர் மேற்படி எதிர்மனுதாரரின் மேற்சொன்ன மேற்படி சொத்தின்" என்று தொடங்கும் வாக்கியத்துக்கு வினைச்சொல் மூன்றாம் பக்கத்தில் வருகிறது; அது வருவதற்குள் சொத்து கைமாறிவிடுவதும் உண்டு.

மேடையைப் பொறுத்தவரை பம்மல் சம்பந்த முதலியாரின் பெயரே முன்னிற்கும். 1891இல், பதினெட்டு வயதில், சுகுண விலாச சபையை நண்பர்களுடன் தொடங்கிய அவர், பின்னர் வழக்கறிஞராகி, சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில், அதாவது சிறு தொகைகளுக்கான வழக்குகளை விரைந்து முடிக்கும் மன்றத்தில், நீதிபதியாகவும் அமர்ந்தார். நாடகக்காரர் என்றால் வீட்டுத் திண்ணையில் இடம் கிடைக்காத காலத்தில், வக்கீல்களும் அதிகாரிகளும் முகத்தில் அரிதாரம் பூசி நடிக்க முன்வந்தது, அக்கலைக்குக் கிடைத்த ஜாமீன் என்றே சொல்லலாம். நாட்டியத்துக்கு அதே ஜாமீனை வாங்கித் தந்தவர் வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர்: சதிர் என்ற பெயரில் பழிக்கப்பட்டுவந்த ஆடலுக்கு மதிப்பு மீட்க, அவர் தாமே பெண் வேடம் பூண்டு ஆடிக் காட்டினார். கட்சிக்காரருக்காக உருகும் வழக்கறிஞர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. கட்சிக்காரராகவே சலங்கை கட்டிக்கொண்டவர் வேறு எவரும் நினைவுக்கு வரவில்லை.

இசைக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள உறவு ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. கச்சேரி என்பது வடக்கிலிருந்து வந்த சொல்; பழைய வழக்கில் அது அரசு அலுவலகத்தையும் நீதிமன்றத்தையும் குறித்தது, தாலுகா கச்சேரி என்ற வழக்கு இன்றும் ஊர்ப்புறங்களில் உயிரோடிருக்கிறது. இரண்டு கச்சேரிகளிலும் ஒருவர் பேச ஒருவர் பக்கத்தில் ஒத்து ஊத, முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடியிருப்பார். அவர் ரசிக்கிறாரா உறங்குகிறாரா என்பதை இரண்டிடத்திலும் தீர்மானிக்க முடியாது. நிரவல் என்பது கீர்த்தனையின் ஒரே வரியை எடுத்துக்கொண்டு, சொல் மாறாமல் இசையை மட்டும் மாற்றி மாற்றி விரிக்கும் முறை. ஒரே வாதத்தை ஐந்து விதமாகச் சொல்லும் கலையை வாழ்நாள் முழுவதும் பயின்றவர்கள் நிரவலில் தலையாட்டுவதற்குத் தனியாக இசைஞானம் தேவையில்லை. தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கமும் துணைத் தாள வாத்தியங்களும் தனியே முழங்கும் பகுதி, தொடங்கியவுடன் அவர்கள் சபாவின் கேண்டீனுக்கு எழுந்து செல்வதும் பழக்க தோஷமே. எதிர்தரப்பு வாதிடும்போது வராந்தாவுக்குப் போய்வந்த கால்கள் அவை.

இந்தக் கேலி எல்லாம் டி.எல். வெங்கடராம ஐயரிடம் செல்லாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவர், முத்துசுவாமி தீட்சிதரின் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடம் கீர்த்தனைகளைப் பாடம் செய்து, 1944இல் சங்கீத கலாநிதி பட்டமும் பெற்றவர், டி.கே. பட்டம்மாளுக்குத் தீட்சிதர் கிருதிகளைக் கற்பித்தவர்களில் ஒருவர். பெரும்பாலான வழக்கறிஞர்களின் சங்கீதம் டிசம்பர் விடுமுறையோடு முடிகிறது. அவருடையது மேல்முறையீட்டிலும் நிலைத்தது.

விளையாட்டுகளில் கிரிக்கெட் ஒன்றே வழக்கறிஞர்களுக்கென்று அமைந்தது போன்றது. அதன் விதிகளுக்குச் சட்டங்கள் என்றே பெயர்; இன்றைய தொகுப்பில் அவை 42. அவற்றில் 31ஆவது, நீதித்துறையின் முழு இயல்பையும் அறிந்தவர் வகுத்தது போலிருக்கிறது: மட்டையாளர் ஆட்டமிழந்திருந்தாலும், எதிரணியினர் முறையிட்டாலன்றி நடுவர் அவரை வெளியேற்ற மாட்டார். பந்துவீச்சாளர் அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்கிவிட்டால் முறையீடு காலங்கடந்ததாகிவிடும். செய்த முறையீட்டை அணித்தலைவர் திரும்பப் பெற விரும்பினால் நடுவரின் அனுமதி வேண்டும். மனு, காலவரம்பு, மனுவை வாபஸ் வாங்க மன்றத்தின் அனுமதி ஆகிய மூன்றும் அரைப்பக்கத்தில் அடங்கிவிட்டன. அதே செய்திக்கு நாட்டின் சட்டங்கள் எடுத்துக்கொள்ளும் பக்கங்களை எண்ணாமலிருப்பதே மரியாதை. கேட்காமலே தானே நடந்து வெளியேறும் மட்டையாளரைப் பார்க்கும்போது மட்டும் வழக்கறிஞர்களின் முகம் வாடுகிறது. குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறவரால் தொழிலுக்கு என்ன லாபம்?

இருந்தும் அவர்களுடைய மனத்தில் ஆறாத வடுவாக இருக்க வேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. 1939 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் டர்பனில் ஆடிய டெஸ்ட், முடிவு தெரியும் வரை ஆடுவது என்ற ஏற்பாட்டில், நாள் வரம்பின்றித் தொடங்கியது. நடுவில் ஓய்வு நாட்களும் மழையால் இழந்த ஒரு நாளும் சேர, 3ஆம் தேதி தொடங்கியது 14ஆம் தேதியையும் எட்டியது. 696 ஓட்டங்கள் இலக்கு. இங்கிலாந்து 5 விக்கெட் இழப்புக்கு 654 எடுத்திருந்தது. இன்னும் 42 ஓட்டங்களே தேவை. அப்போது மழை வந்தது. கேப்டவுனில் ஊர் திரும்பும் கப்பல் காத்திருந்ததால், அதைப் பிடிக்க ரயிலேற வேண்டியவர்கள் ஆட்டத்தை அப்படியே விட்டுப் புறப்பட்டார்கள். பத்து நாள் வழக்கு தீர்ப்பின்றி முடிந்தது. பந்துவீச்சில் என்ன குறை, மட்டைவீச்சில் என்ன குறை என்று பிறர் இன்றும் ஆராய்கிறார்கள். வழக்கறிஞர்களின் வருத்தம் வேறு: அத்தனை பேர் கூடியிருந்த மைதானத்தில், கப்பலுக்கு ஒரு வாய்தா கேட்டு மனுப்போட ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே.