ஜன்னல் சார்

புதுச்சேரியில் இந்திரா காந்தி சிலையிலிருந்து வில்லியனூர் சாலையைப் பிடித்து, ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி மூலக்குளம் வந்துவிட்டால், உள்ளே பிரியும் ஒவ்வொரு நகரிலும் ஒரு ஜன்னல் சார் இருப்பார். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கிராஜுவிட்டி பணத்தில் மாடி எழுப்பியவர். சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் இப்போது அளவு டேப் இருக்கும்.

கிரகப்பிரவேசம் ஆனதிலிருந்து பாக்கி நிற்பது ஒரே வேலைதான், ஜன்னல்களுக்குத் திரை. "நாலு ஸ்கிரீன் துணி வாங்கிக் கம்பியில கோத்துட்டா வேலை முடிஞ்சுதுங்க" என்று வீட்டம்மா பால் காய்ச்சிய அன்றைக்கே சொல்லிவிட்டார். முடித்துவிட்டால் சார் அப்புறம் என்ன செய்வார்?

உங்கள் வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டார். நேரே ஜன்னலுக்குப் போய், கிரில்லுக்கும் சுவர் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். "உள்ள ரெண்டரை இஞ்ச்சாவது ஆழம் வேணும். இல்லேன்னா சுவத்து மேலதான் மாட்டணும். அப்படி மாட்டினா ரெண்டு பக்கமும் மூணு மூணு இஞ்ச் கூட விடணும். விடலேன்னு வைங்க, ஓரத்துல வெளிச்சம் ஒழுகும்." பிறகு டேப் வெளியே வரும். அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளப்பார். மூன்றும் ஒன்றாக இருந்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இருக்காது; அதற்குத்தான் கொத்தனார் இருக்கிறாரே. "பாத்தீங்களா, அரை இஞ்ச் இழுத்துக்கினு போவுது! இருக்கறதுல சின்ன அளவத்தான் கடைக்காரன்கிட்ட சொல்லணும்" என்பார். காபி ஆடை கட்டிவிடும்.

கடைகளில் அவரை எல்லோருக்கும் தெரியும். ஆளைக் கண்டதும் பையன் கேட்லாக்கோடு பெருமூச்சையும் எடுத்து வருவான். ரோலர், ஜீப்ரா, ரோமன், வெனிஷியன், வெர்டிகல் எல்லாம் அவருக்கு மனப்பாடம். சன்ஸ்கிரீன் துணியில் மூன்று சதவீதத் துளைக்கும் ஐந்து சதவீதத் துளைக்கும் என்ன வித்தியாசம் என்று அவரே பையனுக்குச் சொல்லிக்கொடுப்பார். சாம்பிள் துண்டை வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். "பகல்ல உள்ள இருந்து வெளிய தெரியும். ராத்திரி லைட்டப் போட்டா வெளிய இருக்கறவனுக்கு உள்ள தெரியும். அப்ப இன்னொரு அடுக்கு வேணுமில்ல?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் வாங்க வேண்டிய வேளை வரும்போதெல்லாம் இப்படி ஒரு நியாயமான கேள்வி அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

கொசுவலை இன்னொரு மகாபாரதம். வலைக்கு முன்னால் திரையா, பின்னால் திரையா? மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வரும், ஜன்னலைத் திறக்காமல் இருக்க முடியாது; திறந்தால் ரோலர் துணி பாய்மரமாக உப்பி, கீழ்க் கம்பி சுவரில் இடிக்கும். வெனிஷியன் பட்டைகளானால் கடகடவென்று பேசும். "காத்து வேணும், வெளிச்சம் வேணாம், பக்கத்து வீட்டுக் கண்ணு வேணாம். மூணையும் ஒரே துணிகிட்ட கேட்டா அது என்னா பண்ணும்?"

இந்த இடத்தில் அவர் கட்டாயம் கோல்கொண்டுக்குப் போவார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி அது. நிஜாம் அரசின் திவான் சர் அக்பர் ஹைதரி தந்த நிதியில், அன்டொனின் ரேமண்ட் வடிவமைத்து, 1937-ல் வேலை தொடங்கிய கான்கிரீட் கட்டடம். வடக்கிலும் தெற்கிலும் சுவரே இல்லை. மேலிருந்து கீழ்வரை திருப்பித் திறக்கும் கல்நார்ப் பலகைகள்தான். உள்ளே அறைகளுக்குத் தேக்குச் சட்டம் இழைத்த தள்ளுகதவு. காற்று நுழையும், பார்வை நுழையாது. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி வேண்டும். சார் தெருவில் நின்று பார்த்ததோடு சரி, ஆனாலும் கட்டியவரே இவர்தானோ என்று தோன்றும்படி சொல்வார்.

சாரம் இதுதான்: "வெயிலக் கண்ணாடிக்கு வெளியவே நிறுத்தணும். உள்ள வந்துட்டா, திரையும் சூடாயி அந்தச் சூட்ட ரூமுக்குள்ளதான் வுடும்." இது நூற்றுக்கு நூறு சரி. தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி கட்டிய பாட்டனாருக்கும், வெள்ளைக்காரத் தெருவில் மரச் செதில் கதவு வைத்த பிரெஞ்சுக்காரருக்கும் தெரிந்த கணக்குதான். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டியைத் தொங்கவிட்டால் சாருடைய பிரச்சினையில் முக்கால்வாசி அன்றைக்கே தீரும். நான் அதைச் சொல்லியும் பார்த்தேன். "மூங்கில் மழைக்குப் பூஞ்சை புடிக்கும் சார். ஃபெஞ்சல் புயல் அடிச்சப்ப பாத்தீங்கல்ல?" என்றார்.

அவருடைய மேற்கு ஜன்னலில் இன்றுவரை ஒட்டியிருப்பது 2024 ஜூன் மாத நாளிதழ். மேல் பாதியில் வைத்திலிங்கம் மறுபடி எம்.பி. ஆகியிருக்கிறார். கீழ்ப் பாதி அந்த நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சலில் நனைந்து, கண்ணாடியோடு ஐக்கியமாகிவிட்டது.

ஆனால் தெருவில் பாதி வீடுகளில் தொங்குவது அவர் சொன்ன திரைதான். எதிர்வீட்டு இளம் ஜோடி யோசனை கேட்டபோது, "கைக்குழந்தை இருக்கில்லம்மா, தொங்கற செயினு கழுத்துல மாட்டிக்கும். செயினே இல்லாததா வாங்கு, இல்லாட்டி எட்டாத உயரத்துல கிளிப் அடிச்சு இழுத்துக் கட்டு" என்றார். பொன்னான யோசனை. அன்று சாயங்காலமே வாங்கி மாட்டிவிட்டார்கள். சாருக்கு வருத்தம். "அவசரப்பட்டுட்டாங்க" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

போன வாரம் வீட்டம்மா காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பூப்போட்ட துணி வாங்கி வந்து, தானே ஓரம் தைத்து, கம்பியில் கோத்துவிட்டார். சார் வந்து பார்த்தார். பேசவில்லை. டேப்பை எடுத்தார்.

"கீழ நாலு இஞ்ச் குறையுதே."

"அந்த நாலு இஞ்ச்சுல யாருங்க எட்டிப் பாக்கப் போறாங்க? பூனைதான் பாக்கும். பாத்துட்டுப் போவுது."

"சரி, இது டெம்பரரிதானே?"

"பேப்பரும் டெம்பரரின்னுதான் ஒட்டினீங்க."

அதற்குள் போன் அடித்தது. சார் மாடிப்படி ஏறிக்கொண்டே பேசினார்: "ஆமாம்பா, ஜன்னல் கிடக்கட்டும். மேல பால்கனி ஒண்ணு இருக்கு. அதுவும் மேற்குதான். சாம்பிள் எடுத்துக்கினு வா."