கட்டிலுக்குப் பின்னால் இடமில்லை!

கேள்வி: 10-க்கு 12 படுக்கையறையில் 5.1 ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறேன். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. பின் ஸ்பீக்கரை எங்கே மாட்ட?
- வாசகர், வடசேரி, நாகர்கோவில்

பதில்: பின்னால் எதற்கு வே? 5.1-ல் அவை பக்கவாட்டுக்காரர்கள். டிவி 0 டிகிரி என்றால், இருபுறமும் 90 முதல் 110 டிகிரிக்குள், காதுக்குச் சற்று மேலே மாட்டும். தூரத்தை டேப் பிடித்து அளந்து ரிசீவரில் கொடும். ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லி செகண்ட், மிச்சக் கணக்கை அது பார்த்துக்கொள்ளும். தலையணையருகே ஐந்தும் ஒரே டெசிபெல் காட்டவேண்டும். ஆளுக்கொரு சுரம் பாட இதென்ன சுசீந்திரம் இசைத்தூணா?

சப்வூஃபரைக் கட்டில்மேல் வைத்துப் பாட்டைப் போட்டு, தரையில் தவழ்ந்து கேளும். பேஸ் சீராகக் கேட்கும் இடமே அதற்கு இடம். வீட்டம்மா பார்த்துவிட்டால் கம்மல் திருகாணி தேடுவதாகச் சொல்லும்.