பக்கத்து வீட்டு வரி

சொத்து வரி விவரம் இணையத்துக்கு வந்ததை மனதார வரவேற்கிறேன். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கட்டுகிறார் என்று அறிய பில் கலெக்டருக்கு டீ வாங்கித் தர வேண்டும். இப்போது வார்டு, தெரு, கதவு எண் போதும். டீ மிச்சம்.

எங்கள் கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு வரி மதிப்பீட்டு எண்ணையும் வாங்கிக்கொள்கிறார். "ராகு கேதுவை விடுங்க சார், பரிகாரம் இருக்கு. பையன் வீட்ல மூணு அரையாண்டு நிலுவை நிக்குதே!" ஏப்ரலிலேயே கட்டி 5 சதவீத ஊக்கத்தொகை வாங்கும் குடும்பம் என்றால் பத்துப் பொருத்தமும் அமைந்த மாதிரி.

2022-இல் சென்னையில் வரியை உயர்த்தினார்கள். பழைய மாநகராட்சிப் பகுதியில் வீடு 600 சதுர அடிக்குள் இருந்தால் 50 சதவீதம். 1,800-ஐத் தாண்டினால் 150 சதவீதம். எங்கள் தெரு சென்னையில் இல்லை. ஆனாலும் முன்ஜாக்கிரதையாகச் சுருங்கிக்கொண்டது. மூன்று மாடி, லிஃப்ட், போர்ட்டிகோவில் இரண்டு கார். திரையில் 590 சதுர அடி. லிஃப்ட் எங்கே நிற்கிறதென்று நானும் வாசலில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை.

தெரு முழுக்கப் பார்த்து முடித்து, பெயர்வாரியாக ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்தேன். நேற்று எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டை ஆட்டினார்.

"ஏன் தம்பி, உங்க மாடி வீடு கம்ப்யூட்டர்ல இன்னும் ஓட்டு வீடுன்னே இருக்கே?"

அடுத்தவன் குடும்ப விஷயத்தை இப்படியா ஊரறியப் போடுவார்கள்? புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவு எண்ணை மட்டும் குறிப்பிடவில்லை.