பெயிண்டிங் ஆன்ட்டி

ராணிப்பேட்டை, மேல்விஷாரத்தில் தொடங்கி வேலூர் வழியாகப் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் சீமையில், முழுப்பரீட்சை முடிந்த மறுவாரம் இவர் வெளிப்படுவார். தெருவுக்கு ஒருவர் என்று சொல்ல முடியாது. காலனிக்கு ஒருவர் நிச்சயம். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயிண்டிங் ஆன்ட்டி. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு நேரில் 'அக்கா'. அவர் சமையலறைக்குள் போனதும் 'இதுக்கு வேற வேலை இல்லை'.

முதலில் வாட்ஸ்அப் வரும். "குட்டி ஆர்ட்டிஸ்டுகளே! ஞாயிறு காலை பத்து மணிக்கு நம்ம வீட்டில் பெயிண்டிங் பார்ட்டி! கொட்டலாம், பூசலாம், ஜாலியா அழுக்காகலாம்!" இதற்குக் கீழே பலூன், பிரஷ், வானவில். அதற்கும் கீழே, பத்திரப்பதிவு ஆபீஸ் நடையில்: "பழைய டிரெஸ் போட்டு அனுப்பவும். பாத்ரூம் போய்விட்டு வரவும். சுவரைத் தொடக் கூடாது. தம்பி, தங்கச்சி வேண்டாம்." கடைசி வரியில்தான் வருகையை உறுதி செய்யும் சங்கதி: "மதியம் சாப்பாடு உண்டு." அடுத்த நிமிடம் குரூப்பில் ஒரு அம்மா கேட்பார், "பிரியாணியாக்கா?" ஆன்ட்டி கட்டைவிரலைத் தூக்குவார். அதற்குப் பிறகு மொத்த காலனியும் கலை ஆர்வலர்கள்.

இந்த யோசனை அவருக்கு பெங்களூரில் இருக்கும் நாத்தனாரிடமிருந்து வந்தது. அங்கே தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு காபிக் கடைகளில் பிள்ளைகளைப் படம் வரைய விடுகிறார்களாம், போட்டோ வந்தது. நாத்தனார் போட்டோ அனுப்பிய பிறகு சும்மா இருப்பதற்கு நம் குடும்ப அமைப்பில் இடமில்லை. தவிர, வேலூர் வெயில். ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் சாயந்திரம் வரை பிள்ளைகளை வெளியே விட முடியாது. உள்ளே வைத்திருந்தால் பெற்றவர்கள் இருக்க முடியாது. ஒரு வீட்டில் பதினைந்து பிள்ளைகளை அடைத்துவிட்டால் பதினாலு வீடு நிம்மதியாகத் தூங்கும். தியாகம் என்று இதைத்தான் சொல்கிறேன், கிண்டல் இல்லை.

'அழுக்காகலாம்' என்று எழுதிய கை சனிக்கிழமை இரவே வேலையைத் தொடங்கிவிடும். ஹால் முழுக்க தினத்தந்தி விரியும். டிவிக்கு நைட்டி போர்த்தப்படும். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குப் பிளாஸ்டிக் பை. எல்லாவற்றையும் விடக் காபந்து பண்ண வேண்டியது சோபா. மற்ற ஊர் சோபா வேறு, இந்தச் சீமையின் சோபா வேறு. ஆன்ட்டியின் வீட்டுக்காரர் டேனரியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். எப்போதோ ஒரு லாட், நிறம் அரைப் படி இறங்கிப் போனதென்று வெளிநாட்டு பையர் வேண்டாமென்றுவிட, அதில் கொஞ்சம் தோலை விலைக்கு வாங்கி, தச்சரை வீட்டோடு உட்கார வைத்துச் செய்த சோபா அது. ஐரோப்பாவில் எவனோ உட்கார்ந்திருக்க வேண்டிய தோலில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்ற கௌரவம் அதில் உண்டு. அதன்மேல் ஒரு பெட்ஷீட், அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட், அது வழுக்குகிறதென்று மறுபடி ஒரு பெட்ஷீட்.

வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஸெக் என்றொருவர் 1897-லேயே பிள்ளைகளுக்கென்று தனியாக ஓவிய வகுப்பு நடத்தினார். பெரியவர்கள் குறுக்கே வராமல் குழந்தை தன் மனசில் இருப்பதைத் தானே வரையட்டும் என்பது அவர் கட்சி. பெரிய மனிதர்தான். ஆனால் அந்த வகுப்பு அவர் வீட்டு ஹாலில் நடந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

சாயம் வாங்குவது தனிப் படலம். போஸ்டர் கலர் தண்ணீரில் கரையும் பசை சேர்ந்தது. காய்ந்த பிறகும் ஈரத்துணி பட்டால் இளகிக் கொடுக்கும், துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். அக்ரிலிக் அப்படியல்ல. ஈரமாக இருக்கும்வரை தண்ணீருக்குக் கட்டுப்படும். காய்ந்துவிட்டால் பிளாஸ்டிக் படலம், பிரஷ்ஷே கட்டையாகிவிடும். லாங்கு பஜார் கடைக்காரர் இதைச் சொல்லி, "சின்னப் பசங்கன்னா போஸ்டர் கலர் எடுத்துக்கினு போங்கம்மா" என்றுதான் சொல்வார். ஆன்ட்டி போனை எடுத்து நாத்தனாரின் போட்டோவைப் பார்ப்பார். அதில் படங்கள் பளபளவென்று இருக்கும். அக்ரிலிக் வாங்கிக்கொண்டு வருவார்.

ஞாயிறு பத்து மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். கூடவே "அஞ்சு நிமிஷம் விட்டுட்டுப் போறேன்" என்று அம்மாக்களும் வந்து பிரியாணி வரைக்கும் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோருக்கும் அப்பாக்களின் பழைய சட்டை, முன்பக்கம் பின்னால் போகும்படி மாட்டப்படும். ஒரு குட்டிப் பெண்ணுக்குச் சட்டை கிடைக்காமல், பரணில் கிடந்த வீட்டுக்காரரின் டேனரி ரப்பர் ஏப்ரனைக் கட்டினார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிற ஆளுக்காகச் செய்தது. ஏப்ரன் மட்டும் ஹாலில் நடந்துபோனது. உள்ளே பிள்ளை இருப்பது சத்தத்தால் தெரிந்தது.

"உங்க இஷ்டத்துக்கு வரையுங்க கண்ணுங்களா" என்று ஆன்ட்டி கை தட்டுவார். இஷ்டத்துக்கு விட்டதும் பதினைந்து பேரும் ஒரே படத்தைத்தான் வரைவார்கள்: இரண்டு முக்கோண மலை, நடுவில் முளைக்கும் சூரியன், அதன் காலடியிலிருந்து ஆறு, கரையில் குடிசை, தென்னை மரம், வானத்தில் நாலைந்து டிக் மார்க் பறவைகள். தமிழ்நாட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் இது ரத்தத்திலேயே வருகிறது. எங்கள் ஊருக்கு இதில் ஒரு உபகாரமும் உண்டு. தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்ததில் கடைசிக் குறை தீர்ந்தது. மிச்சத்தில் இரண்டைப் பிள்ளைகள் அக்ரிலிக்கில் தீர்த்துவைக்கிறார்கள். மலை முழுக்க மரம், ஆறு முழுக்க நீலம்.

ஒருவன் மட்டும் ஆற்றைப் பழுப்பாகப் பூசி, நடுவில் மூன்று குச்சி நட்டிருந்தான்.

"இன்னாடா தங்கம் இது? ஆறுன்னா தண்ணி இருக்கணும்ல?"

"இது பாலாறு ஆன்ட்டி. ஸ்டம்ப்பு கீது பாருங்க."

"ஆத்துல யாராவது ஸ்டம்ப் நடுவாங்களா?"

"நாங்க அங்கதானே ஆடறோம்? நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ ஒரு வாட்டி வெள்ளம் வந்துச்சாம், அம்மா சொல்லிச்சு."

2021 நவம்பர் வெள்ளத்தைத்தான் சொல்கிறான். ஆன்ட்டிக்கு வாதாட ஒன்றுமில்லை. ஆனாலும் 'ஃப்ரீயா விடணும்' என்ற கொள்கை அந்த இடத்தில் கொஞ்சம் அரிக்கும். பிரஷ்ஷை வாங்கி ஓரமாக ஒரு நீலக் கோடு இழுத்து, "இப்போ பார், எவ்வளவு அழகா இருக்கு" என்பார். இதைப் பார்த்ததும் மற்ற அம்மாக்களுக்குத் தைரியம் வந்துவிடும். ஒருவர் மகளின் தென்னை மரத்துக்கு ஓலை போடுவார். இன்னொருவர் குடிசைக்கு ஜன்னல் வைப்பார். "பிரைஸ் உண்டாக்கா?" என்று ஒரு குரல் கேட்கும். இல்லையென்று ஆன்ட்டி சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-ல் டெல்லியில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி ஆரம்பித்தாலும் ஆரம்பித்தார், பெயிண்ட் என்றால் பரிசு என்று பெற்றோருக்குப் பதிந்துவிட்டது. பதினொன்றரை மணி வாக்கில் பிள்ளைகள் மூலையில் மூடிகளை உருட்டி விளையாடிக்கொண்டிருக்க, பெயிண்டிங் பார்ட்டி அம்மாக்களிடையே மும்முரமாக நடக்கும்.

அப்போதுதான் வீட்டுக்காரர் கைலியோடு ஹாலுக்கு வருவார். வாரம் ஆறு நாளும் நிறத்தோடு மல்லுக்கட்டுகிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமை நிறமே கண்ணில் படக் கூடாதென்று வெகு நேரம் தூங்குபவர். ஒரு பெண் மாட்டை நீலமாகப் பூசியிருந்தாள். அம்மாக்கள் சிரித்தார்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சரியாத்தான் போட்டுக்குது" என்றார். "குரோம் டிரம்முல இருந்து வெளிய வர்றப்போ இப்படித்தான் நீலமா இருக்கும். வெட் ப்ளூம்போம்." அம்மாக்களின் சிரிப்பு நின்றது. "அது மாடு அங்கிள், தோல் இல்லை" என்றாள் அந்தப் பெண். தொழில் வித்தியாசம்.

பாலாற்றுப் பையனின் தட்டருகே வந்ததும்தான் அவர் தூக்கம் முழுதாகக் கலைந்தது. மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு ஷூ பெட்டி மூடியில் கொட்டிக் குழப்பி வைத்திருந்தான். எந்தப் பிள்ளை எதை எதோடு கலந்தாலும் முடிவில் வருவது பழுப்புதான். ஆன்ட்டிகளுக்கு அது 'சேத்துக் கலர்', கண்டதும் கழுவிக் கொட்டவேண்டியது. ஆனால் இந்தச் சீமையில் அடுப்பு எரிவதே பழுப்பில்தான். டான், டார்க் டான், காக்னாக், செஸ்ட்நட் என்று அதற்கு வைத்திருக்கும் பெயர்கள் முருகனுக்குக்கூடக் கிடையாது. மனுஷர் மூடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார், வெயிலில் பார்த்தார். உள்ளே வந்து ட்யூப் லைட்டுக்கடியில் பார்த்தார். மறுபடி ஜன்னல். சூரிய வெளிச்சத்தில் ஒத்துப்போகிற இரண்டு நிறம் சில சமயம் கடை விளக்கில் பிரிந்து நிற்கும். லேபில் விதவிதமான விளக்கு வைத்த பெட்டிக்குள் சாம்பிளை வைத்துப் பார்ப்பதே அதற்குத்தான். ஷூ வாங்குபவன் கடை விளக்கில்தானே பார்க்கிறான்.

"தம்பி, எது எவ்ளோ போட்ட?"

"எல்லாம் கொஞ்சங்கொஞ்சம் அங்கிள்."

"மஞ்சள் எவ்ளோ?"

"அது கொட்டிக்கிச்சு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பையருக்காக வாரக் கணக்கில் தேடிக்கொண்டிருந்த ஷேடாம் அது.

இதற்கிடையே கறுப்பு தீர்ந்துவிடும். எந்த பெயிண்டிங் பார்ட்டியிலும் முதலில் தீர்வது கறுப்பு. எல்லோரும் எல்லாவற்றுக்கும் பார்டர் கட்டுவார்கள். ஒரு பிள்ளை அழ, இன்னொன்று தொற்றிக்கொள்ள, உள்ளறையிலிருந்து மாமனார் வந்தார். பட்டைத் தோல் காலத்து ஆள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட தலைமுறை. எழுபதுகளில் பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு வந்து, ஊரே குரோமுக்கும் ஃபினிஷிங்குக்கும் மாறியதற்காக மகனை இன்னும் மன்னிக்காதவர். "இதுக்கா அழுவுறீங்க?" என்று சமையலறைக்குப் போய்ப் பழைய இரும்பு வாணலியில் கடுக்காய்த் தூளைக் கொதிக்கவிட்டார். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. மைகூட அந்தக் காலத்தில் அப்படிச் செய்ததுண்டு. கஷாயம் கறுக்கக் கறுக்கப் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். அன்று அவர்கள் வாயை மூடிக்கொண்டு எதையாவது பார்த்தது அந்தக் கால் மணி நேரம்தான். ஆன்ட்டிக்கு மட்டும் ஒரே கவலை. "மாமா, அது நான் தோசை சுடற சட்டி இல்லியே?" "இல்லம்மா, உன் மாமியாரது." சமாதானமாகிவிட்டார்.

பிரியாணி வந்தது. சீரகச் சம்பா, கத்திரிக்காய், வெங்காயத் தயிர். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்ட கையோடு தங்கள் படத்தைக் காட்ட ஓடிய பிள்ளைகளால் ஏழெட்டு சூரியன்களுக்கு எண்ணெய் மினுமினுப்பு ஏறியது என்பதைத் தவிர.

எல்லோரும் கிளம்புகிற குழப்பத்தில்தான் அது நடந்தது. படத்தின் பின்னால் யாரும் பெயர் எழுதாததால், எல்லாம் ஒரே மலை, ஒரே சூரியனாக இருக்க, எது யாருடையது என்று அம்மாக்களிடையே வழக்கு மூண்டது. ரப்பர் ஏப்ரன் கூட்டத்துக்குள் நுழைந்து சோபாவில் ஏறிற்று. பெட்ஷீட், பிளாஸ்டிக், பெட்ஷீட் மூன்றும் ஒன்றாக வழுக்கி இறங்கின. ஆரஞ்சு அக்ரிலிக் உள்ளங்கை ஒன்று, ஐந்து விரலும் தெளிவாக, தோலில் பதிந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஆன்ட்டி பார்த்தபோது காய்ந்திருந்தது.

அவர் தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தார், சோப்பு போட்டார். அசையவில்லை. அசையாது. தோலுக்கு ஃபினிஷிங் கொடுக்கும்போது மேலே நிறத்தைப் பிடித்து வைப்பதும் பல சமயம் அக்ரிலிக் பிசின்தான். இனம் இனத்தோடு சேர்ந்துவிட்டது. "வந்து பாருங்க, உங்க சோபா லட்சணத்தை" என்று குரல் உடைந்து கூப்பிட்டார்.

வீட்டுக்காரர் வந்தார். பனியன் துணியை நனைத்து விரலில் சுற்றிக்கொண்டு, ஒரே அழுத்தத்தில் முன்னும் பின்னுமாக ஐம்பது தடவை தேய்த்தார். துணியை ஜன்னலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தார். கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது.

"வெட் ரப் நாலரை" என்றார், ஐந்துக்கு. முகத்தில் பெருமிதம். "நம்ம யூனிட்லயே இவ்ளோ வர்றதில்ல. இன்னா பிராண்ட் வாங்கின?"

ஆன்ட்டி பதில் சொல்லவில்லை. போனை எடுத்து, கை அச்சு தெரியாத கோணத்தில் சோபாவோடு பதினைந்து படங்களையும் வரிசையாக வைத்து எடுத்த போட்டோவை நாத்தனாருக்கு அனுப்பினார். பாலாற்றுப் பையன் மட்டும் இன்னும் போகவில்லை. ஷூ பெட்டி மூடியைக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று அங்கிள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தான். அங்கிள் கொடுப்பதாக இல்லை. அது திங்கட்கிழமை லேபுக்குப் போகவேண்டியது. கடைசியில், டிபன் பாக்ஸில் இரண்டு பிளேட் பிரியாணிக்குப் பேரம் படிந்தது, பீஸ் தனி.