செத்தவர்கள் நடமாடக் கூடாது

1954-இல் அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பேராபத்து வந்துவிட்டதாக அந்நாட்டு செனட் சபை கண்டுபிடித்தது. அந்த மார்ச் 1-ஆம் தேதிதான் பிகினித் தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ஹைட்ரஜன் குண்டு, கணக்குப் போட்டதைவிட இரண்டரை மடங்கு வீரியத்தோடு வெடித்திருந்தது. பக்கத்து ரொங்கெலாப் தீவில் வானத்திலிருந்து கொட்டிய வெள்ளைத் தூளைக் குழந்தைகள் அள்ளி விளையாடினார்கள். ஆனால் செனட் பேசிய ஆபத்து அதுவல்ல. பத்து சென்ட் விலைக்குப் பெட்டிக்கடையில் விற்ற காமிக்ஸ்!

ஏப்ரல் 21, 22 தேதிகளில் நியூயார்க்கில் விசாரணை. முன்னணியில் செனட்டர் எஸ்டெஸ் கீஃபாவர். மாஃபியா தலைவர்களை விசாரித்துத் தொலைக்காட்சியால் நாடறிந்த முகமானவர். ஜனாதிபதி நாற்காலி மேல் ஒரு கண். தாதாக்கள் வாயைத் திறக்க மறுத்தார்கள். பேய்க்கதைப் பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸோ தானே வலிய வந்து சாட்சி சொன்னார். அப்பாவி மனுஷன். அவர் வெளியிட்ட ஓர் அட்டையைக் கீஃபாவர் காட்டினார்: கோடரி ஒரு கையில், பெண்ணின் வெட்டுண்ட தலை மறு கையில். இது நல்ல ரசனையா? பேய்க்கதை அட்டைக்கு நல்ல ரசனைதான். தலையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ரத்தம் சொட்டக் காட்டியிருந்தால்தான் கெட்டது என்றார் கெயின்ஸ். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அவர் மானம் போனது. கம்யூனிஸ்ட் என்று பட்டம் கட்டி எத்தனையோ பேருடைய தலையை உருட்டிய செனட்டர் மெக்கார்த்தி, அதே 22-ஆம் தேதி வாஷிங்டனில் ராணுவத்தோடு மல்லுக்கு நின்றார். அங்கே ரத்தம் சொட்டவில்லை. ஆகவே ரசனைக்குப் பங்கமில்லை.

சாட்சிகளில் பெரியவர் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம். பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் குடியிருப்பதில் ஓரினக் காதலையும், சூப்பர்மேனிடம் பாசிசத்தையும் கண்டுபிடித்த மேதை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஹார்லெமில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், ஏழைக் கறுப்பினத்தவருக்கு இருபத்தைந்து சென்ட் கட்டணத்தில் வைத்தியம் பார்த்தவர் இவர். பள்ளிகளில் நிறப் பிரிவினை குழந்தைகளைச் சிதைக்கிறது என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவரும் இவர்தான். அந்த நல்ல மனிதர்தான் காமிக்ஸை அடிக்கக் கோலெடுத்தபோது சாட்சியத்தையே வளைத்தார். அவருடைய கோப்புகள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்ட பிறகு கேரல் டில்லி என்ற ஆய்வாளர் புரட்டிப் பார்த்தார். சிறுவர்களின் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. வெவ்வேறு பிள்ளைகள் சொன்னவை ஒரே பிள்ளையின் வாயில் திணிக்கப்பட்டிருந்தன. குழந்தைகளைக் காப்பாற்றுவதில் அவருக்கு அவ்வளவு அவசரம். குழந்தை சொன்னதைக் கேட்கத்தான் நேரமில்லை.

மத்திய அரசாங்கம் தடைச் சட்டம் எதுவும் போடவில்லை. அந்தச் சிரமத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் பதிப்பாளர்களே சங்கம் கூடித் தங்கள் கையில் தாங்களே விலங்கு பூட்டிக்கொண்டார்கள். அந்த அக்டோபரில் வந்த விதிகளைப் படித்தால் யாருடைய பிள்ளைகளுக்காக இத்தனை பாடு என்று தெரிந்துவிடும். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோர் மேல் மரியாதை குறையும்படி எதையும் காட்டக்கூடாது. நன்மை ஒவ்வொரு முறையும் வெல்ல வேண்டும். குற்றவாளி தண்டனை பெற்றே தீர வேண்டும். தலைப்பில் 'பயங்கரம்' என்ற சொல் கூடாது. 'குற்றம்' என்ற சொல் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எதற்கும் அனுமதியில்லை.

குற்றவாளி தண்டனை பெற்றே தீர வேண்டுமாம். அடுத்த ஆண்டு மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை அடித்து, சுட்டுக் கொன்ற இருவரை, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரச் சொச்சத்தில் விடுதலை செய்தது. 1956 ஜனவரியில் அவர்களே ஒரு பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். காமிக்ஸில் இப்படி ஒரு கதை வந்திருந்தால் சங்கத்தின் ஒப்புதல் முத்திரை கிடைத்திருக்காது.

கிட்டத்தட்ட அதே நாட்களில் கெயின்ஸ் ஒரு பழைய விண்வெளிக் கதையை மறுபதிப்புக்கு அனுப்பினார். ரோபோக்கள் நிறம் பார்த்துச் சக ரோபோக்களை ஒதுக்கும் கிரகம். பூமியிலிருந்து வந்த பார்வையாளர் கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பினத்தவர். முகத்தில் வியர்வை மின்னுகிறது. சங்கத்தின் தணிக்கைத் தலைவர், முன்னாள் நீதிபதி சார்லஸ் மர்ஃபி, அந்த மனிதர் கறுப்பாக இருக்கக்கூடாது என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் இறங்கி வந்து, வியர்வையையாவது துடைக்கச் சொன்னார். பிணம், கோடரி, ரத்தம் ஒன்றுமே இல்லாத கதை அது. கெயின்ஸ் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அப்படியே அச்சிட்டார். அவர் நிறுவனத்தின் கடைசி வண்ணக் காமிக்ஸ் அதுதான். நூற்றுக்கணக்கான ஓவியர்களும் எழுத்தாளர்களும் அதற்குள் வேறு பிழைப்புத் தேடிப் போயிருந்தார்கள்.

அந்தப் பதிப்பாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் யார்? பள்ளிக்கூடக் காதல் கதைகளான 'ஆர்ச்சி' விற்ற ஜான் கோல்ட்வாட்டர். போட்டியாளரின் சரக்குக்கு விஷம் என்று முத்திரை குத்தும் அதிகாரம் எந்த வியாபாரிக்குத்தான் கசக்கும்? முத்திரை 2011 வரை ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக உதறியவை டிசி, ஆர்ச்சி நிறுவனங்கள். 2013-இல் ஆர்ச்சி நிறுவனம் புதுத் தொடர் ஒன்றைத் தொடங்கியது. ஆர்ச்சியின் ஊரான ரிவர்டேலில் பிணங்கள் எழுந்து நடந்து, அவனுடைய பள்ளித் தோழர்களைக் கடித்துத் தின்கின்றன. விற்பனை பிரமாதம்.