நாலரைக் குதிரை

தெய்வங்களுக்கு வாகனம் அமைத்த நம் முன்னோர் ஏறுபவரின் ஆகிருதியையும் ஏறப்படுவதன் ஆகிருதியையும் பொருத்திப் பார்க்கும் வழக்கம் இல்லாதவர்கள் என்பதற்கு, பேழை வயிற்றுப் பிள்ளையார் மூஞ்சூற்றின்மீது எழுந்தருளியிருப்பதே போதிய பிரமாணம். அந்தப் பிரமாணத்தின் பலத்தினாலேதான், அறுபதைக் கடந்து, கல்வித் திணைக்களத்திலிருந்து ஓய்வும் வைத்தியரிடமிருந்து எச்சரிக்கையும் ஏககாலத்தில் பெற்றுக்கொண்ட நான், சைக்கிளுக்கு மூத்ததும் மோட்டார் சைக்கிளுக்கு இளையதுமான ஒரு ஹொண்டா ஐம்பதின்மீது ஆரோகணிக்கத் துணிந்தேன்.

எனக்கும் பெற்றோலுக்கும் ஜாதகப் பொருத்தம் ஒருபோதும் இருந்ததில்லை. முதன்முதலில் மோட்டார் சைக்கிளின் சகவாசம் எனக்கு வாய்த்தது, 1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டு, தீவுப்பகுதியை விட்டு நாங்கள் யாழ்ப்பாண நகரத்து ஓரத்தில் ஒதுங்கியிருந்த காலத்தில். பொருளாதாரத் தடையினால் பெற்றோல் சிறு போத்தல்களில் மாத்திரம் நடமாடிய அந்நாட்களில், குடாநாட்டு வாகனங்கள் யாவும் மண்ணெண்ணெய் குடித்தே சீவித்தன. குளிர்ந்திருக்கும் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் பற்றாதாகையால், சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, குலதெய்வத்தை நினைத்து உதைத்து, இயந்திரம் சூடேறிய பிறகே அதை மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வழியில் யாராவது மரியாதைக்கு நிறுத்திச் சுகம் விசாரித்தால், அந்த மரியாதையின் விலை மேலும் சில துளி பெற்றோல். ஆகவே, அக்காலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் கர்வம் பிடித்தவர்கள் என்று எழுந்த அபவாதம் முற்றிலும் அநியாயமானது. நாங்கள் நின்று பேசாமைக்குக் காரணம் சிக்கனமேயன்றிச் செருக்கன்று. என்னிடமிருந்த ஹொண்டா நூற்றிருபத்தைந்து, 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்த இடப்பெயர்வோடு என்னைப் பிரிந்தது. அதன்பின் பஸ்ஸிலும் சைக்கிளிலும் உத்தியோக காலத்தை ஒப்பேற்றினேன்.

இரண்டாவது சகவாசமும் பஞ்சத்திலேயே தொடங்கிற்று. 2022ஆம் ஆண்டில் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்று, ஈற்றில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அரசாங்கம் பங்கிட்டுக் கொடுத்தபோது, அயலிலுள்ள பெரிய வாகனங்கள் கொட்டகைக்குள் கோழிகளுக்கு வசிப்பிடமாயின. வேலணையில் மீளக் குடியேறியிருந்த நான், நாலு லீற்றர் என்பது சிற்றுடல் படைத்த ஒரு வண்டிக்கு மகா சமுத்திரம் என்பதைக் கணக்குப் பார்த்து அறிந்தேன். 2020ஆம் ஆண்டிலேயே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுவிட்டபடியால், புது வண்டி என்ற பேச்சுக்கு இடமில்லை. பழைய வண்டிகளோ, வயது ஏற ஏற விலையும் ஏறும் அபூர்வ சாதியாகிவிட்டன. மனிதர்களுக்கும் அவ்விதியைப் பிரயோகித்தால் என்ன என்று எண்ணியவாறே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

இந்த வண்டியின் பூர்வோத்தரத்தை அறிந்துகொண்டிருந்தால், பின்னால் எனக்கு நேர்ந்தவற்றைக் கண்டு நான் வியப்படைந்திருக்கமாட்டேன். சோய்ச்சிரோ ஹொண்டா என்னும் யந்திர விற்பன்னரும், அவருடைய வியாபார மூளையான தக்கேயோ பூஜிசவா என்பவரும் கலந்து யோசித்து, 1958ஆம் ஆண்டில் சூப்பர் கப் என்ற பெயரில் வெளியிட்ட இயந்திரத்தின் வம்சத்திலே உதித்தது இது. உணவுக்கடைப் பையன் ஒருவன் ஒரு கையில் சோபா என்னும் சேமியா வகையின் தட்டை ஏந்தியபடி மறுகையால் செலுத்தக்கூடியதாக வண்டி இருக்கவேண்டும் என்பது அவர்கள் கொண்ட நோக்கங்களுள் ஒன்று. அதன்பொருட்டே இடக்கையால் பிடிக்கும் கிளச்சை ஒழித்து, இயந்திரத்தின் சுழற்சிக்கு ஏற்பத் தானே பிடித்துத் தானே விடும் கிளச்சை உள்ளே ஒளித்துவைத்தார்கள். 2017ஆம் ஆண்டுக்குள் பத்துக்கோடிக்கு மேல் உற்பத்தியாகி, வேறெந்த மோட்டார் வாகனமும் எட்டாத தொகையை எட்டிய இவ்வண்டியின் ஜாதகத்தில், பிறர் பொருளைச் சுமந்து செல்வாய் என்ற வாக்கியம் லக்கினத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நானோ, சுதந்திரம் தேடி அதில் ஏறினேன்.

வெள்ளோட்ட தினத்தன்று, கராஜ் தம்பி வண்டியைத் துடைத்து ஒழுங்கையில் நிறுத்தி, "மாஸ்ரர், இதுக்குக் கிளச் இல்லை. கியரை மிதிச்சுப்போட்டுக் கையை முறுக்குங்கோ, அது தன்ரபாட்டிலை போகும்" என்று உபதேசித்தான். உபதேசம் செவியில் ஏறியதேயன்றிக் கையில் இறங்கவில்லை. பல்லாண்டுகளாகச் சுண்ணக்கட்டியைக்கூடப் பிடித்தறியாத என் இடக்கை, அன்று பார்த்துத் தன் பழைய உத்தியோகத்தை நினைவுகூர்ந்து, இல்லாத கிளச்சைப் பற்றுவதற்காக நான்கு விரல்களையும் முன்னே நீட்டி, நீட்டிய விரல்களை உடனே மடக்கி, வெறுங்காற்றை இறுகப் பிடித்தது, விட்டது, மறுபடியும் பிடித்தது. வேலியோரமாக வந்துகொண்டிருந்த ஆச்சி ஒருவர் அந்த அபிநயத்தை அழைப்பென்று கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன மாஸ்ரர், கூப்பிட்டனீங்களோ?"

இல்லையென்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், "வங்களாவடிப் பக்கமே போறியள்? அப்ப உதை என்ரை மேளிட்டைக் குடுத்துவிடுங்கோ. பத்திரம், முறிஞ்சு போகும்" என்று ஒரு கட்டு முருங்கைக்காயை முன்கூடையிலே செருகினார். எந்தப் பக்கம் போவதென்று அதுவரை தீர்மானிக்காதிருந்த எனக்கு அந்தக் கணமே ஒரு திசையும் ஒரு கடமையும் உண்டாயின.

அன்று தொடங்கிய சேவை இன்றுவரை ஓயவில்லை. பெரிய வாகனத்தில் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு செல்பவனை நிறுத்த யாருக்கும் மனம் வராது. வந்தாலும் குரல் எட்டாது. சின்ன வண்டியோ ஒழுங்கைக்கு ஒழுங்கை வேகம் குறைத்து, நாய்க்கு ஒதுங்கி, மாட்டுக்கு நின்று, படலைக்குள் நிற்பவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு போகவேண்டியது; முகத்தைப் பார்த்தபின் முகமன் கூறாதிருத்தல் பண்பன்று; முகமன் கூறியபின் பொதியை மறுத்தல் தர்மமன்று. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வண்டியை விற்பதற்காக, இதில் ஏறினால் மிக நல்ல மனிதர்களைச் சந்திப்பீர்கள் என்ற கருத்தில் விளம்பரம் செய்தார்கள். அது சத்தியமான வார்த்தை. அந்த நல்ல மனிதர்கள் ஒவ்வொருவரும் கையில் ஒரு பையோடு நிற்பார்கள் என்பதை மாத்திரம் விளம்பரக்காரர் மறைத்துவிட்டனர்.

புங்குடுதீவுக்குச் செல்லும் தாம்போதியிலும், அதற்கு முன்னே பண்ணைப் பாலத்திலும், சோளகக் காற்றுப் பெயர்ந்துவிட்டால், இந்த வண்டியைச் செலுத்துதல் தனியொரு சாஸ்திரம். இருபுறமும் கடல், நடுவே வீதி, பக்கவாட்டில் காற்று. நேரே போவதற்காக நான் சரிந்தே இருக்கவேண்டியிருப்பதால், எதிரே வருபவர்கள் என் நிதானத்தைப்பற்றித் தவறான அபிப்பிராயம் கொள்ள இடமுண்டு. ஆயினும், பொதிகள் இத்தருணத்தில் பேருபகாரம் செய்கின்றன. ஒருமுறை புங்குடுதீவிலிருந்து வேலணைக்குச் சம்பந்தி வீட்டுச் சேவலொன்றைக் கூடையில் வைத்துக் கொணர்ந்தபோது, அதன் பாரத்தால் முன்சக்கரம் அடக்கமாக ஓடியதுமன்றி, ஹோர்ன் வேலை செய்யாதிருந்த குறையையும் அப்பறவை வளைவுக்கு வளைவு கூவி நிவிர்த்தி செய்தது.

கடலுக்கு அப்பாலிருந்தும் ஏவல் வரும். பாரிஸிலும் ரொறன்ரோவிலும் குடியேறிவிட்ட புங்குடுதீவார், "மாஸ்ரர், உந்தப் பக்கம் போனால் எங்கடை வளவை ஒருக்கா எட்டிப் பார்த்துப் படமெடுத்து அனுப்புங்கோ" என்று தொலைபேசியில் விண்ணப்பிப்பார்கள். கூரை போன வீடு, பற்றை மூடிய கிணறு, யாரும் திறக்காமலே துருப்பிடித்த கேற் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பினால், எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "அந்தக் கறுத்தக்கொழும்பான் மாமரம் நிக்குதோ?" என்று கேட்பார்கள். நிற்கிறதென்றால், அடுத்த தடவை அதன் பக்கத்திலிருந்து ஒரு படம் வேண்டும்.

இந்தத் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் தேசத்து நகரங்களின் நாமங்களைச் சூட்டியிருந்தார்கள்: வேலணைத் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லம், நெடுந்தீவு டெல்ஃப்ட். ரொறன்ரோவிலுள்ள என் மகன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க மாதக்கணக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்க, நான் காலையில் லெய்டனில் இடியப்பம் சாப்பிட்டு, மிடல்பேர்க்கில் பிளேன்ரீ குடித்து, குறிகட்டுவான் துறையில் வண்டியை விட்டுவிட்டு ஹார்லத்தில் நாகபூஷணி அம்மனைத் தரிசித்து, கொஞ்சப் பெற்றோலிலேயே வீடு திரும்பிவிடுகிறேன். நயினாதீவே மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் என்று கொள்ளும் அறிஞர் உளர். மணிமேகலா தெய்வம் அந்த மங்கையை ஆகாய மார்க்கமாகத் தூக்கிச் சென்றபோது, இடையில் யாரும் மறித்து ஒரு பை மோர்மிளகாயைக் கொடுத்ததாகச் சாத்தனார் கூறவில்லை. தெய்வங்கள் உயரத்தில் பறப்பதன் சூட்சுமம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

நெடுந்தீவுக்கு மாத்திரம் வண்டியையும் உடன்கொண்டு சென்றேன். குறிகட்டுவானில் படகு அலைக்கு எழும்பித் தாழ, இறங்குதுறையில் நின்ற இரு இளைஞர்கள் முன்சக்கரத்தில் ஒருவரும் பின்பக்கத்தில் ஒருவருமாகப் பிடித்து, படகு எழும்பும் கணத்துக்குக் காத்திருந்து, "இப்ப!" என்றதும் தூக்கி உள்ளே வைத்த லாவகத்தைக் கண்டு, வண்டியின் சிறுமை ஒரு பெருமை என உணர்ந்தேன். ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடற்பிரயாணத்தின் பின் இறங்கினால், சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகளுக்கிடையே வீதி ஓடுகிறது. பெருக்குமரம் தன் பருத்த வயிற்றோடு நிற்கிறது. அந்நியர் ஆட்சிக் காலத்தில் இங்கு வளர்க்கப்பட்ட குதிரைகளின் சந்ததி வெளியிலே சுயேச்சையாக மேய்கிறது.

அந்த மட்டக் குதிரைகளின் எதிரே வண்டியை நிறுத்தியபோது எனக்கொரு கணக்கு உதித்தது. நிமிடத்துக்கு 33,000 இறாத்தல் பாரத்தை ஓரடி உயர்த்துவதே ஒரு பரிவலு என்று ஜேம்ஸ் வாட் வரையறுத்தது இங்கிலாந்தின் கொழுத்த குதிரைகளைக் கண்டு. 1958ஆம் ஆண்டுச் சூப்பர் கப்புக்கு நாலரைப் பரிவலு. வெயிலும் உவர்நீரும் தின்று வளரும் நெடுந்தீவுக் குதிரையை அளவையாகக் கொண்டால், வயோதிபத்துக்குக் கழிவு போகவும் என் வண்டிக்கு ஆறு குதிரையாவது தேறும். ஆனால், முன்னே நின்ற குதிரையோ என்னையும், வண்டியையும், பின்னால் கட்டியிருந்த ஐந்து பொதிகளையும் நிதானமாக நோக்கிவிட்டு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரம் சுமப்பதை விட்டுவிட்ட குலத்தின் கௌரவத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சென்ற மாதம் மகன் தொலைபேசியில், "அப்பா, இனி இறக்குமதி திறந்திட்டுது. காசு அனுப்பிறன், நூற்றைம்பது சீசீயிலை பின்னுக்குப் பெட்டி வைச்ச நல்ல வண்டியா ஒண்டு எடுங்கோ" என்றான். அவனுடைய தாயார் அருகிலிருந்து, "இஞ்சருங்கோ, ஓமெண்டு சொல்லுங்கோ" என்று சைகை செய்தாள். பொதி சுமப்பவனின் மனையாட்டிக்குத் தன் சொந்தப் பொதிக்கு இடமில்லாமற் போகும் மனத்தாங்கல் அவளுக்கு நெடுநாளாக உண்டு. ஆயினும் நான் மறுத்துவிட்டேன். ஊரார் கேட்கும் உபகாரம் வண்டியின் கொள்ளளவுக்கு மேற்படாது என்பது அனுபவத்தில் நான் கண்ட பௌதிக விதி. ஐம்பது சீசீக்கு ஒரு சேவல் வந்ததென்றால், நூற்றைம்பதுக்கு நிச்சயமாக ஓர் ஆடு வரும். ஆடு பெட்டிக்குள் அடங்காது, பின்னாசனத்தில்தான் இருக்கும். பின்னாசனத்தில் இருப்பவரும் தலைக்கவசம் அணியவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். கொம்புக்கு மேலால் மாட்டக்கூடிய தலைக்கவசம் இந்தத் தீவுகளிலுள்ள எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை.